இருபது மீற்றரில் கரடி: எந்தத் துவக்கு, எந்தச் சன்னம்?

கரடி வேட்டைக்குத் துவக்கு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது கலிபரைத்தான், அதாவது குழலும் ரவையும் எந்த அளவு என்று. "முப்பது-முப்பது காணுமா அண்ணை, இல்லாட்டி நாற்பத்தைந்து-எழுபதே எடுப்பமா?" என்று ரொறன்ரோவில் இருந்து தம்பிமார் போன் எடுப்பார்கள். எந்த ஸ்கோப், எந்தச் சன்னம் என்று கேட்பவர் குறைவு. கிட்டத்தில் சுடுகிற வேட்டையில் நான் கலிபரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது ஒன்ராறியோவின் வடமேற்கில், தண்டர் பே பக்கம். இங்கே இருப்பது கறுப்புக் கரடி. கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடி இந்த மாகாணத்தில் இல்லை. வேட்டை பெரும்பாலும் இரை வைத்த இடத்துக்குப் பக்கத்தில், மரத்தில் கட்டிய பரணில் இருந்து நடக்கும். கரடிக்கும் உங்களுக்கும் இடையில் 15 முதல் 25 மீற்றர் இருக்கும். அலாஸ்காவில் பழுப்புக் கரடிக்குப் போகிறவர்கள் .338, .375 என்று பெரிய கலிபர்களைத் தோளில் தூக்குவது வேறு கதை. அதைக் கேட்டுவிட்டு இங்கே அதே துவக்கை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வீண் செலவு.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: வன்னிக் காட்டில் பாலைப்பழக் காலத்தில் மரமேறுகிற கரடி வேறு சாதி. இலங்கையிலும் இந்தியாவிலும் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நான் எழுதுவது அனுமதியோடு வேட்டை நடக்கிற இந்த ஊருக்கு மட்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே பாதித் தெரிவைச் செய்துவிடுகிறது. துவக்கு வைத்திருக்க அனுமதிக்கிற பி.ஏ.எல். அட்டை, வேட்டைப் பயிற்சி முடித்த அவுட்டோர்ஸ் கார்ட், கரடிக்கான லைசென்ஸ் மூன்றும் வேண்டும். இளவேனில் வேட்டையை 1999-இல் நிறுத்தினார்கள், 2014-இல் பரீட்சார்த்தமாகத் திறந்தார்கள், 2021-இல் நிரந்தரமாக்கினார்கள். இளவேனிலில் குட்டியையும் குட்டியோடு நிற்கும் தாயையும் சுடக்கூடாது. பிஸ்டல், றிவோல்வர் எதையும் கனடாவில் வேட்டைக்குப் பாவிக்க முடியாது, ஆகவே அமெரிக்க வீடியோக்களில் இடுப்பில் தொங்குகிற .44-ஐ மறந்துவிடுங்கள். .22 போன்ற றிம்ஃபயர் (ரவையின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும்) றைபிள்களும் பெரிய மிருகங்களுக்கு ஆகாது. அரைத் தானியங்கிகளில் 2020-இல் இருந்து தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இன்று காசு கொடுத்து வாங்குவது நாளை பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கலாம். மிஞ்சுவது லீவர், போல்ட், பம்ப், அதாவது அடுத்த ரவையைக் கையால் ஏற்றுகிற வகைகள். கரடிக்கு இவையே தாராளம்.

இப்போது பரணில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரடி பகல் வெளிச்சத்தில் வந்து நின்று போஸ் கொடுப்பதில்லை. சூரியன் மறைகிற நேரத்தில், பைன் மர இருட்டுக்குள் இருந்து, சத்தமே இல்லாமல் வரும். 100, 150 கிலோ மிருகம் காய்ந்த சருகில் நடந்து வந்தது உங்களுக்குக் கேட்காது. ஆனால் நீங்கள் துவக்கின் பாதுகாப்புப் பூட்டு விசையைத் தள்ளும் 'கிளிக்' அதற்குக் கேட்கும். அது பக்கவாட்டாகத் திரும்பி நிற்கும் நேரம் சில விநாடிகள்தான். மே, ஜூன் மாதமென்றால் கறுப்பு ஈக்கள் கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து வேலை செய்துகொண்டிருக்கும். இந்த நிலைமையில் வேலை செய்கிற துவக்குத்தான் நல்ல துவக்கு.

ஆகவே முதலில் குறி பார்க்கும் கருவி. கடைகளில் அதிகம் விற்பது 3-9×40 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, முன் கண்ணாடி 40 மில்லிமீற்றர். அதை 9-இல் விட்டுவிட்டு 20 மீற்றரில் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் அகலம். அதாவது கண்ணாடி முழுக்கக் கறுப்பு மயிர். தோள் எது, தொடை எது என்று தெரியாது. 3-இல் வைத்தால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூட, முழுக் கரடியும் தெரியும். 1-4 அல்லது 1.5-5 ஸ்கோப் இன்னும் நல்லது. இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு: கறுப்புக் கரடிமேல் கறுப்புக் குறுக்குக்கோடு, மங்கல் நேரத்தில். கோடு காணாமல் போய்விடும். நடுவில் சிவப்பாக ஒளிரும் புள்ளி உள்ள ஸ்கோப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள், ஒளியை மிகக் குறைவாக வையுங்கள். உருப்பெருக்கமே இல்லாத ரெட் டொட்டும் சரி. வெறும் இரும்புக் குறியோடுதான் போவேன் என்பவர்கள் பின்பக்கம் பெரிய துளையுள்ள பீப் வகையைப் போடுங்கள். தொழிற்சாலை போட்டு அனுப்புகிற சின்ன V வெட்டு மாலையில் உதவாது.

ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 100 மீற்றருக்குச் சரிசெய்த துவக்கு 15 மீற்றரில் 3 சென்ரிமீற்றர் அளவு கீழே அடிக்கும். கரடியின் நெஞ்சில் அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பரணின் கைப்பிடிக் கம்பியிலோ, கூடாரத்தின் யன்னல் விளிம்பிலோ இருக்கிறது. ஸ்கோப்புக்குள் வழி திறந்திருக்கும், குழலின் வாய்க்கு நேரே கம்பி நிற்கும். துவக்கை 50 மீற்றருக்குச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏறி இருந்தவுடன் வெற்றுத் துவக்கால் எல்லாப் பக்கமும் குறிபார்த்து குழலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது சன்னம். தூரம் குறைவென்றால் எல்லாச் சன்னமும் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பார்கள். உண்மை எதிர்ப்பக்கம். 20 மீற்றரில் சன்னத்தின் வேகம் கிட்டத்தட்ட குறையவே இல்லை. மெல்லிய செப்பு உறையுள்ள சன்னம் அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும், நுரையீரலுக்குப் போகாது. 1946-இல் ஜோன் நொஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் (மிகப் பெரிய மான் வகை) சுட்டபோது இதுதான் நடந்தது. பலமான துவக்கு, பக்கத்தில் மிருகம், சன்னம் உள்ளே இறங்காமல் உடைந்தது. அந்தக் கோபத்தில் அவர் நடுவில் செப்புத் தடுப்பு வைத்துச் செய்ததுதான் இன்றும் விற்கிற பார்ட்டிஷன் சன்னம்.

ஆகவே .308, .30-06 போன்ற வேகமான துவக்கு வைத்திருப்பவர்கள் அந்தப் பார்ட்டிஷனோ, ஈயமும் உறையும் ஒட்டிய 'பொண்டட்' வகையோ, பார்ன்ஸ் கம்பெனி செய்வது போன்ற முழுச் செப்போ எடுங்கள். எடை 165, 180 கிரெய்ன் (11, 12 கிராம் அளவு). வேகம் கூடிய இலேசான மான் சன்னத்தை விடுங்கள். .30-30-க்கு இவ்வளவு கவலை வேண்டாம். அதன் 170 கிரெய்ன் சன்னம், அதாவது 11 கிராம், விநாடிக்கு ஏறக்குறைய 670 மீற்றரில்தான் போகிறது. அந்த வேகத்தில் சாதாரண மென்மூக்குச் சன்னமே ஒழுங்காக விரிந்து உள்ளே போகும்.

உள்ளே போனால் மட்டும் போதாது, வெளியே வர வேண்டும். கரடியின் கொழுப்பு துளையை அடைத்துவிடும், தடித்த மயிர் இரத்தத்தைக் குடித்துவிடும். பரணில் இருந்து சுடும்போது சன்னம் போகும் துளை உயரத்தில் இருக்கிறது. கீழே வெளிவரும் துளை இல்லையென்றால் நெஞ்சுக்கூடு நிரம்பும் வரை நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. இருட்டில் தேடப் போகிறவருக்கு அந்த இரண்டாவது துளை என்ன பெறுமதி என்று தெரியும்.

இனித்தான் துவக்கு. என் தெரிவு .30-30 லீவர், மார்லின் 336 அல்லது வின்செஸ்டர் 94. குழல் 20 அங்குலம், பரணுக்குள் திருப்பச் சுலபம், இரண்டாவது வெடியும் கெதியாகப் போகும். அந்தத் தோட்டா 1895-இல் இருந்து இந்தக் காடுகளில் கரடி விழுத்துகிறது. எனக்கு வேட்டை பழக்கிய கிழவர், ஃபின்லாந்துக் குடும்பம், இங்கே அவர்கள் நிறையப் பேர், வேறு துவக்கைத் தொட்டதே இல்லை. ஒரு கவனம்: இதன் ரவைகள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் அடியைத் தொட்டபடி. கூர்மூக்குள்ள கடினமான சன்னத்தைப் போட்டால் அதிர்ச்சியில் முன்னதன் அடியில் உள்ள கேப் என்கிற வெடிமூடியை அது குத்தி வெடிக்க வைக்கலாம். தட்டை மூக்கு, அல்லது இதற்கென்றே செய்த மென்ரப்பர் மூக்குத்தான் போட வேண்டும்.

.45-70 நல்ல தோட்டாதான். 1873-இல் இராணுவத்துக்குச் செய்தது, 405 கிரெய்ன், 26 கிராம் ஈயம். தோளில் நிதானமாகத் தாங்கக்கூடியவருக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இலேசான லீவர் துவக்கில் கடும் ரவைகளைப் போட்டால் அது கழுதை மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடி விசையை இழுக்கிற பழக்கம் ஒருமுறை வந்தால் போகாது. பயிற்சிக்கு ஒரு பெட்டி ரவை முழுக்கச் சுட மனம் வராத துவக்கை வாங்காதீர்கள். .44 மக்னம் லீவர் காபைன் இதற்கு எதிர்ப்பக்கம்: உதை குறைவு, 240 கிரெய்ன் சன்னம் 20 மீற்றரில் போதும், 75 மீற்றருக்கு அப்பால் நான் நம்பமாட்டேன்.

வீட்டில் 12 கேஜ் சொட்கன் மட்டும்தான் இருக்கிறதா? காசைச் சேமியுங்கள். ஓர் அவுன்ஸ் ஸ்லக், அதாவது சொட்கனுக்கான ஒற்றைச் சன்னம், 28 கிராம் ஈயம், 18 மில்லிமீற்றருக்கு மேல் அகலம். உள்ளே சுழல் வரிகளில்லாத குழலென்றால் ஃபொஸ்டர் ஸ்லக் (வெறும் ஈயக் கட்டி), வரியுள்ள குழலென்றால் சபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது). மாற்றிப் போட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முன்னால் ஒரு மணி மட்டும் உள்ள பறவைத் துவக்கில் குறி சரியாக வராது, ஆகவே மேலே சொன்ன ரெட் டொட்டையோ பீப்பையோ பூட்டுங்கள். பக்ஷொட் வேண்டாம். தனித்தனி உருண்டைகள் கொழுப்பைத் தாண்டி ஆழம் போவதில்லை, காயப்பட்ட கரடியைத்தான் உண்டாக்கும்.

மூஸுக்கென்று .308 அல்லது .30-06 போல்ட் ஏற்கனவே இருப்பவர்கள் புதுத் துவக்கே வாங்க வேண்டாம். ரவையையும் ஸ்கோப்பையும் மாற்றினால் போதும்.

வில்லைப் பற்றி இரண்டு வரி. அம்பு இரத்தம் போக்கித்தான் கொல்லும், அடிவேகத்தால் அல்ல. தோள் எலும்பை அது உடைக்காது. ஆகவே கரடி சற்று அப்பால் திரும்பி நிற்கும்வரை பொறுக்க முடியாதவர் வில்லை எடுக்கக் கூடாது. பரணை உயரமாகக் கட்டி இரையை மிகக் கிட்ட வைத்தால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலோடு நின்றுவிடும். ஒரு நுரையீரலோடு கரடி வெகுதூரம் போகும்.

துவக்கு கைக்கு வந்த பிறகு சத்தத்தைக் கவனியுங்கள். மார்லினின் குறுக்குப் பூட்டை விரலால் இரு பக்கமும் பிடித்து மெதுவாக நகர்த்தினால் சத்தம் வராது, வீட்டில் வெற்றுத் துவக்கில் பழகுங்கள். தோள்வாரின் உலோக வளையத்துக்குத் துணி சுற்றுங்கள். பரணில் ஏறும்போது துவக்கு வெறுமையாக, கயிற்றில் கட்டி, மேலே போன பிறகு இழுக்க வேண்டும். ஏணியில் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறவரோடு நான் வேட்டைக்குப் போவதில்லை.

பயிற்சியை மேசையில் மணல்மூட்டை வைத்து முடித்துவிடாதீர்கள். கதிரையில் இருந்து, முழங்காலில் கை ஊன்றி, 20 மீற்றரில் கறுப்புக் கடதாசியில். குறி எதுவும் வரையாத கறுப்பு. சுட்டவுடன் கன்னத்தைக் கட்டையில் இருந்து எடுக்காமல் அடுத்த ரவையை ஏற்றுவதையும் சேர்த்துப் பழகுங்கள். கரடியில் குறி, முன்னங்கால் முன்னே போன நிலையில், தோளுக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடு உயரம். வயிற்றுப் பக்கம் தொங்குகிற மயிர் நெஞ்சை இருப்பதைவிடக் கீழே காட்டும், அதற்கு ஏமாறாதீர்கள். தலையில் சுடவே வேண்டாம். மண்டையோடு சரிவானது, மூளை சின்னது.

சட்டப்படி சூரியன் மறைந்து அரை மணியோடு வேட்டை முடிகிறது, அதற்குப் பிறகு ரவை ஏற்றிய துவக்கோடு காட்டில் நிற்க முடியாது. அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் எவ்வளவு நல்ல கரடி வந்தாலும் நான் சுடுவதில்லை. காயப்பட்டு ஓடினால் வெறுங்கையோடு தேட வேண்டி வரும். வெளிச்சம் இருக்கும்போது சுட்டிருந்தால், அசையாமல் இருந்து காது கொடுங்கள். சில கரடிகள் சாகும்போது நீளமாக முனகும், கேட்டால் வேலை முடிந்தது. கேட்கவில்லையென்றால் அரை மணியாவது பொறுத்து இறங்குங்கள். உண்மையான கிட்டத்து வேட்டை அப்போதுதான் தொடங்குகிறது, ஆல்டர் பற்றைக்குள் ஐந்து மீற்றரும் தெரியாது. ஸ்கோப்பை ஆகக் குறைந்த இலக்கத்துக்குத் திருப்புங்கள், கரடி ஸ்பிரே இடுப்பில் கைக்கெட்டும் பக்கம் இருக்கட்டும். இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் நிலத்தைப் பார்க்க, மற்றவர் நிமிர்ந்து முன்னால் பார்க்க வேண்டும். நிமிர்ந்து பார்க்கிறவர் பின்னால் அல்ல, பக்கத்தில் நிற்க வேண்டும், குழலுக்கு முன்னால் கூட்டாளியின் முதுகு வராதபடி.