பூனைக்கு வயிற்று ஸ்கேனா? சொதப்புவது இங்கேதான்

ராயபுரத்திலிருந்து வேப்பேரிக்கு ஆட்டோவில் ஸ்கேனுக்குக் கிளம்பும் பூனைக்கு, வழியில் கத்தாமல் வரட்டும் என்று காசிமேட்டுக் காரப்பொடி மீன் நாலைப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) ஒலியலையை அனுப்பிப் படம் பிடிப்பது. அந்த அலை காற்றைத் தாண்டாது. தின்ற மீனும், கூடவே சேரும் வாயுவும் பின்னால் இருக்கும் குடலை மறைத்துவிடும். 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு போதும், தண்ணீர் தரலாம். இன்சுலின் போடும் பூனை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் தப்பு. சரியாகச் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடலாம்.

வயிற்று முடியை வழிக்க வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். முடிக்குள் நிற்கும் காற்றை ஜெல் மட்டும் விரட்டாது.

எடுப்பவர் பக்கம் நடக்கும் பெரிய பிழை, அளவில். பூனையின் சிறுகுடல் சுவர் சுமார் 2 முதல் 2.5 மி.மீ. தான். வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபைச் சாய்த்துப் பிடித்து அளந்தால் நல்ல குடலும் தடித்துத் தெரியும். சுருங்கிய காலி இரைப்பையின் மடிப்பைக் கட்டி என்று எழுதிவிடுவதும் உண்டு. அங்கே மடிப்புக்கு நடுவில்தான் அளக்க வேண்டும். தடிமனைவிட முக்கியம் அடுக்குகள். சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி ஐந்து கோடுகள் தெரிய வேண்டும். அவை அழிந்து ஒரே கறுப்பாக, பக்கத்து நிணநீர்க் கணுவும் வீங்கியிருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் பலப்படும்.

ஆனால் கோடுகள் அப்படியே இருந்து தசை அடுக்கு மட்டும் தடித்திருந்தால்? அது நாள்பட்ட குடல் அழற்சியாகவும் இருக்கலாம், மெதுவாக வளரும் சிறுசெல் லிம்போமாவாகவும் (நிணநீர்ச் செல்களில் வரும் ஒரு புற்றுநோய்) இருக்கலாம். படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. "ஸ்கேன்ல கேன்சர் இல்லைன்னு வந்துருச்சு" என்பது இங்கேதான் ஏமாற்றும். பெரிய செல் லிம்போமாவை மெல்லிய ஊசியில் உறிஞ்சும் செல்களே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். சிறுசெல்லுக்குத் திசுவை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டும்.

அதற்கு முன்பே, வாந்தி நிற்கட்டும் என்று ஸ்டீராய்டு போட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வீக்கம் வடியும், லிம்போமா செல்களும் குறையும், பயாப்சி குழப்பமாக வரும். போட்டாகிவிட்டதா? மருந்துப் பெயரும் தேதியும் உள்ள சீட்டை ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.