பேஸ் கேபினட்டைத் திறந்து சரிசெய்வது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அநேகமாக எல்லாருக்கும் ஒரு குறை வந்துவிடும். வீட்டில் கணீரென்று கேட்கிற பேஸ், டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். உடனே பெரிய ஆம்ப் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 100 வாட்ஸ் ஆம்ப்பை 200 வாட்ஸாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான மாற்றம். கேபினட்டுக்குள், அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்குள், ஒரு ஸ்பீக்கரின் ஒயர் மட்டும் தலைகீழாக இருந்தாலே அதைவிடப் பல மடங்கு அடிநாதம் போய்விடும். அதனால் ஆம்ப்புக்குச் செலவு செய்யும் முன், இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள கேபினட்டை வைத்து விளக்குகிறேன். ஒரே ஆள் தூக்கலாம், ஒயரிங் கற்றுக்கொள்ளவும் இதுதான் எளிது. மற்ற அளவுகளுக்கும் இதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலை முழுக்க ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும்தான். ஆம்ப்பைத் திறக்காதீர்கள். வால்வு ஆம்ப்பின் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) கப்பாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். அது உயிரை எடுக்கக்கூடிய மின்சாரம். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கிற காம்போ என்றால், ஆம்ப் பகுதியை அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பெட்டிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

நாலு கம்பி பேஸில் அடியில் இருக்கிற ‘இ’ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். ஸ்பீக்கர் கோன் (முன்பின் அசைகிற கூம்பு) முன்னே தள்ளும்போது அதன் பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் முன்னால் தள்ளிய காற்று அப்படியே சுற்றிப் பின்னால் போய்விடும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் ஸ்வரங்களில் இது பெரிதாகத் தெரியாது. அடி ஸ்வரங்களில்தான் அடி விழும்.

ஐம்பதுகளில் வந்த, நாலு பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த ஃபெண்டர் பேஸ்மேன் பேஸுக்கென்றே செய்த ஆம்ப். ஆனால் அதன் பின்பக்கம் திறந்திருக்கும், அதைக் கொண்டாடியவர்கள் கிட்டார்காரர்கள்தான். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற 300 வாட்ஸ் வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தபோது, அதனுடன் வந்த எட்டு ஸ்பீக்கர் கேபினட் முழுக்க மூடியது. உள்ளே நாலு தனித்தனி அறைகள், அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். பெரிய மேடைகளில் பேஸ் வயிற்றில் இடிக்கிற மாதிரி கேட்கத் தொடங்கியதில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

தேவையான பொருட்கள்

மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், ஈயம், ஒருபக்கம் மட்டும் ஒட்டுகிற ஃபோம் டேப், ஃபெவிகால், பல இழைகள் உள்ள 2.5 ஸ்கொயர் ஒயர், ஒரு ஸ்பீக்கான் சாக்கெட் (திருகிப் பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் சாக்கெட்), அப்புறம் ஊதுபத்தி. சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைத்துவிடும். பழைய சாக்கெட் பிளேட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் துளை அளவு பார்த்து வாங்கலாம்.

படி 1: திறக்கும் முன் அளந்து பாருங்கள்

ஸ்பீக்கர் கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, மறுமுனை கேபினட்டிலேயே இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கையில் உள்ள பிளக்கின் முனையில் ஒரு கம்பியையும் அடியில் இன்னொன்றையும் தொடுங்கள். 8 ஓம் கேபினட் என்றால் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3-இலிருந்து 4-க்குள். மீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச்சுருளின் (‘காயில்’) நேர்மின் தடையை மட்டும். அதனால்தான் பெட்டியில் எழுதியதைவிடக் குறைவாக வருகிறது, பயப்பட வேண்டாம்.

4 ஓம் என்று எழுதியிருக்கிற கேபினட்டில் மீட்டர் 6 காட்டினால், ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். எதுவுமே காட்டவில்லை என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அதை ஆம்ப்பில் மாட்டவே மாட்டாதீர்கள்.

படி 2: பேட்டரி சோதனை

முன்பக்க வலையைக் கழற்றுங்கள். அதே பிளக்கின் முனையில் பேட்டரியின் பிளஸ்ஸையும், அடியில் மைனஸையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு கோன்களும் ஒன்றாக வெளியே துள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் இன்னொன்று உள்ளேயும் போனால், உங்கள் பேஸ் காணாமல் போன காரணம் கிடைத்துவிட்டது.

நண்பர் ஒருவர் பழையதாக வாங்கிய கேபினட்டில் இதைத்தான் பார்த்தோம். யாரோ ஸ்பீக்கர் மாற்றியபோது கறுப்பு ஒயரையும் சிவப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒயர் நுனியில் இருக்கிற இரண்டு லக்கை (செருகும் உலோகத் துண்டு) இடம் மாற்றிச் செருகினோம். மறுபடி ‘இ’ கம்பியைத் தட்டியதும் தரை அதிர்ந்தது. ஆம்ப்பில் ஒரு குமிழைக்கூடத் திருப்பவில்லை.

பேட்டரியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கம்பிச்சுருள் சூடாகும். ட்வீட்டர் (மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால் ‘டிக்’ என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

படி 3: ஸ்பீக்கரை வெளியே எடுப்பது

கேபினட்டை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நிற்க வைத்துக் கழற்றினால் கடைசி ஸ்க்ரூ வந்ததும் ஸ்பீக்கர் தன் எடையில் சாய்ந்துவிடும். எந்த ஒயர் எந்த முனைக்கு என்று டேப் ஒட்டி எழுதிவைத்து, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததை மெதுவாகச் செய்யுங்கள். ஸ்பீக்கரின் காந்தம் ஸ்க்ரூ டிரைவரைத் தன் பக்கம் இழுக்கும். விளிம்பில் ஸ்க்ரூ திருப்பும்போது கருவி வழுக்கினால், நேராகக் கோனில் போய்க் குத்தி ஓட்டை போட்டுவிடும். ஒரு கையால் திருப்பும்போது, மறு கையின் உள்ளங்கையைக் கோனுக்கும் கருவிக்கும் நடுவில் மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த ஸ்பீக்கரை மேசையில் வைத்து, கோனை இரண்டு பக்கமும் விரல் நுனிகளால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ‘கரகர’ என்று உரசினால் வாய்ஸ் காயில் நகர்ந்திருக்கிறது. கோனை மாற்றித் தர ஆள் தேட வேண்டும், அல்லது வேறு ஸ்பீக்கர்.

படி 4: ஓம் கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்தால் அது பேரலல், மொத்தம் 4 ஓம். ஒன்றின் மைனஸை அடுத்ததின் பிளஸ்ஸோடு சேர்த்து, மீதி இரண்டு முனைகளைச் சாக்கெட்டுக்குக் கொடுத்தால் அது சீரிஸ், மொத்தம் 16 ஓம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் பின்னால் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக்கூடாது. மேலே போகலாம், சத்தம் கொஞ்சம் குறையும், ஆபத்தில்லை. பிற்பாடு இன்னொரு கேபினட் சேர்க்கிற எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். இரண்டு 4 ஓம் கேபினட் சேர்ந்தால் 2 ஓம். பல ஆம்ப்புகள் அதைத் தாங்காது. ஆளுக்கு 8 ஓம் என்றால் சேர்ந்து 4, பிரச்சினையே இல்லை. இரண்டு ஸ்பீக்கர் உள்ள கேபினட் 8 ஓமாக அமைய வேண்டுமென்றால் 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாகவோ, 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சீரிஸாகவோ போட வேண்டும். கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

வால்வு ஆம்ப்புக்கு விதி வேறு. பின்னால் இருக்கிற ஓம் சுவிட்சைக் கேபினட்டுக்குச் சரியாகப் பொருத்தி வைக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

படி 5: ஒயரும் சாக்கெட்டும்

பழைய மெல்லிய ஒயரை எடுத்துவிட்டு 2.5 ஸ்கொயர் போடுங்கள். கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகிற கேபிளை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் நடுக்கம்பி மிக மெல்லியது, சூடாகிவிடும்.

சாக்கெட்டை ஸ்பீக்கானாக மாற்றுவது நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிற மாற்றம். சாதாரண ஜாக்கைச் செருகும்போது ஒரு கணம் முனையும் அடியும் ஷார்ட் ஆகலாம். அப்போது ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அடி வாங்குவது ஆம்ப்தான். மேடையில் யாராவது காலால் இடறினால் ஜாக் கழன்றும் வரும். ஸ்பீக்கான் திருகிப் பூட்டிக்கொள்ளும். ‘1 பிளஸ்’ என்று இருக்கிற காலில் சிவப்பு, ‘1 மைனஸ்’ என்று இருப்பதில் கறுப்பு. 2 என்று எண்ணிட்டவை காலியாக இருக்கட்டும். ஆம்ப்பில் ஸ்பீக்கான் இல்லையென்றால், ஒருமுனை ஜாக்கும் மறுமுனை ஸ்பீக்கானுமாகக் கேபிள் செய்துகொள்ளலாம்.

படி 6: காற்றுக் கசிவு

எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, ‘இ’ கம்பியை நீளமாக வாசியுங்கள், அல்லது போனை ஆம்ப்பில் இணைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் ஆப்பை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். கொளுத்திய ஊதுபத்தியைப் பலகை மூட்டுகள், கைப்பிடி, சாக்கெட் பிளேட், ஸ்பீக்கர் விளிம்பு என்று ஒவ்வோரிடமாகக் கொண்டு போங்கள். கசிவு இருக்கிற இடத்தில் புகை படபடவென்று ஆடும். துணியிலிருந்தும் கோனிலிருந்தும் நெருப்பைத் தள்ளியே பிடியுங்கள். போர்ட் (காற்று போய்வர வேண்டுமென்றே விட்ட துளை) உள்ள கேபினட்டில் போர்ட் வாயில் புகை ஆடுவது இயல்பு.

கைப்பிடியையும் பிளேட்டையும் கழற்றி, அடியில் ஃபோம் டேப் ஒட்டி மறுபடி முறுக்குங்கள். மூட்டு விரிசலுக்குள் ஃபெவிகாலை நன்றாக இறக்கி, இறுக்கிக் கட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே அடித்து, காய்ந்ததும் வெட்டிவிட்டு ஸ்க்ரூவைப் போடலாம். பிளைவுட்டில் இது நன்றாகப் பிடிக்கும்.

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைப்பது பெட்டியைப் பொறுத்தது. மூடிய பெட்டியில் தளர்வாக நிரப்பலாம், பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். போர்ட் உள்ளதில் சுவர்களில் மட்டும் ஓர் அங்குலத்துக்கு ஒட்டுங்கள், போர்ட்டின் உள்வாயை அடைக்காதீர்கள். இலவம்பஞ்சு வேண்டாம், கட்டிதட்டிக் கீழே இறங்கிவிடும்.

புது ஸ்பீக்கர் போடுவதானால்

வாட்ஸ் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்குகள்தான் எந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி என்பதைச் சொல்கின்றன. அவர்கள் பெயராலேயே தீல்-ஸ்மால் அளவுகள் என்று ஒவ்வொரு நல்ல தயாரிப்பாளரும் வெளியிடுகிறார்கள். அதில் எஃப்எஸ் (Fs) என்ற எண்ணை க்யூஇஎஸ் (Qes) என்ற எண்ணால் வகுங்கள். விடை 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் மூடிய பெட்டிக்குப் பொருத்தம். 100-ஐ ஒட்டியோ மேலோ வந்தால் போர்ட் உள்ளதற்கு. நடுவில் வந்தால் இரண்டுக்கும் முயலலாம். பெட்டியின் உள்ளளவை லிட்டரில் கணக்கிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வின்ஐஎஸ்டி (WinISD) மென்பொருளில் போட்டால் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று வரைபடமே வந்துவிடும்.

இரண்டையும் ஒரே மாடலாக மாற்றுங்கள். கிட்டாருக்கான பத்து அங்குல ஸ்பீக்கர் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் கோன் அவ்வளவு தூரம் முன்பின் போகும்படி செய்ததல்ல, பேஸுக்குப் போட்டால் சீக்கிரமே கிழியும்.

படி 7: மாட்டி வாசித்துப் பார்ப்பது

மூடிய பிறகு மல்டிமீட்டர் சோதனையையும் பேட்டரி சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். அதன் பிறகே ஆம்ப். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்த அடி ஸ்வரங்களுக்கு ஆம்ப் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் கேட்கவில்லையென்றால் முதலில் நடுஸ்வரக் குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். போர்ட் உள்ள பெட்டியில், போர்ட்டை டியூன் செய்த ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது. ஐந்து கம்பி பேஸின் ‘பி’ கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பதால், ஆம்ப்பில் ஹை பாஸ் ஃபில்டர் (மிக அடி ஸ்வரங்களை வெட்டிவிடுவது) இருந்தால் போட்டுவிடுங்கள்.

புதிதாக ஒட்டிய ஃபோம் டேப் அதிர்வில் அமுங்கும், ஸ்க்ரூக்களும் லேசாகத் தளரும். இரண்டு வாரம் வாசித்த பிறகு வலையைக் கழற்றி, எல்லா ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் வரிசையில் கால் சுற்று முறுக்கிவிடுங்கள்.