எல்லை தாண்டி எம்.பி.ஏ.: முதல் பருவத்தில் காலூன்றுவது எப்படி

கேரள–தமிழ்நாடு எல்லையோரம் பாலக்காட்டுப் பக்கத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் பக்கமிருந்து எம்.பி.ஏ. சேர்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வேலை கூடுதலாக உண்டு. பட்டம் வாங்கியது ஒரு மாநிலத்தில், சேரும் கல்லூரி பெரும்பாலும் இன்னொரு மாநிலத்தில். அந்தக் காகித வேலையை வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். தொடங்கிய பிறகு அதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

கோழிக்கோடு பல்கலைக்கழகப் பட்டத்தோடு கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்ந்தால், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டத்தோடு கேரளத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் சேர்ந்தால், உங்கள் பட்டம் அங்கே செல்லும் என்று காட்டும் தகுதிச் சான்றிதழ் அல்லது சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். விண்ணப்பித்த அன்றே கையில் கிடைக்கிற காகிதங்கள் அல்ல இவை. சேர்க்கை உறுதியான அன்றே விண்ணப்பித்துவிட்டு, ரசீதைக் கல்லூரி அலுவலகத்தில் காட்டி அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேரளத்தில் வாங்கிய சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டின் மாநில இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. இடத்துக்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று அந்த நிதியாண்டுக்கு எடுத்த சான்றிதழ் வேண்டும். போன வருஷத்துத் தாளை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

கல்விக் கடன் வாங்குபவர்கள் வட்டியைப் பற்றி முதல் மாதத்திலேயே வீட்டில் பேசிவிட வேண்டும். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை நம் பங்கு எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் போனால், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும். படிக்கிற காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்பதால் வட்டி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கி முதலில் தருவது 3 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 2,500 ரூபாய். முடிந்தவர்கள் இதை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால், பின்னால் அது அசலோடு சேராது. அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியைக் கொஞ்சம் குறைக்கவும் செய்கின்றன. மேலாளரிடம் கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

இனி வகுப்பு. முதல் பருவத்தில் நிதிக் கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், மார்க்கெட்டிங், நிறுவன நடத்தையியல் என்று ஐந்தாறு பாடங்கள் ஒரே சமயத்தில் வந்து விழும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இங்கே தடுமாறுவது எல்லாவற்றையும் முழுதாகச் செய்யப் பார்ப்பதால்தான். கொடுக்கிற அத்தனை பக்கத்தையும் யாராலும் படித்து முடிக்க முடியாது. எதை அரைகுறையாக விடலாம் என்பதை ஞாயிற்றுக்கிழமை மாலையே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்கள் கணிப்பில், பொறியியல் படித்து வந்தவர்கள் புள்ளியியலுக்கான நேரத்தைக் குறைத்துக் கணக்கியலுக்குக் கொடுக்க வேண்டும். பி.காம். படித்தவர்கள் அதை அப்படியே மாற்றிச் செய்ய வேண்டும்.

கணக்கியல் ஏன் பயமுறுத்துகிறது? சொற்கள்தான் காரணம். வங்கி பாஸ்புக்கில் பணம் போட்டால் கிரெடிட் என்று வருகிறது, வகுப்பிலோ வங்கி இருப்பு கூடினால் டெபிட் என்கிறார்கள். முரண்பாடு ஒன்றுமில்லை. பாஸ்புக் வங்கியின் கணக்கைக் காட்டுகிறது. உங்கள் பணம் வங்கிக்குக் கடன், கடன் கூடினால் கிரெடிட். உங்கள் ஏட்டில் அதே பணம் உங்கள் சொத்து, சொத்து கூடினால் டெபிட். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதி, லாபம் வேறு ரொக்கம் வேறு என்பது. ஒரு கடையை வைத்துப் பாருங்கள். ஒருவர் சொந்தப் பணம் 1,00,000 ரூபாய் போட்டு, 50,000 கடன் வாங்கிக் குளிர்பானக் கடை தொடங்குகிறார். ஃப்ரீசர் 60,000, சரக்கு 40,000, கையில் மீதி 50,000. சொத்துப் பக்கம் 1,50,000, முதலும் கடனும் சேர்ந்து மறுபக்கமும் 1,50,000. முதல் மாதம் 10,000 ரூபாய்ச் சரக்கை ஒரு கல்யாண மண்டபத்துக்கு 14,000-க்குக் கடனாகக் கொடுக்கிறார். வேறு விற்பனை இல்லை. ஃப்ரீசர் ஐந்து வருஷம் உழைக்கும், அதன் பிறகு விலை போகாது என்று வைத்தால் மாதத் தேய்மானம் 1,000. ஆக லாபம் 3,000. கல்லாவைத் திறந்தால் அதே 50,000-தான் இருக்கிறது.

ரொக்க ஓட்ட அறிக்கை இந்த இடைவெளியைத்தான் விளக்குகிறது. லாபம் 3,000. தேய்மானத்துக்கு ரொக்கம் வெளியே போகவில்லை, அந்த 1,000-ஐத் திரும்பக் கூட்டுங்கள். மண்டபத்துக்காரர் தர வேண்டிய 14,000-ஐக் கழியுங்கள். விற்ற சரக்குக்கு இந்த மாதம் பணம் போகவில்லை, சரக்கு குறைந்த 10,000-ஐக் கூட்டுங்கள். விடை பூஜ்யம். இந்தக் கணக்கைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் போட வந்துவிட்டால், பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையையும் இதே வழியில் படிக்கலாம், பூஜ்யங்கள்தான் கூடும். அடுத்ததாக, அந்த மண்டபத்துக்காரர் பணமே தராவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். வாராக்கடன் பாடம் அங்கே தொடங்குகிறது.

புள்ளியியலில் சூத்திரத்தை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும், விளக்கம்தான் மதிப்பெண். பி-மதிப்பு 0.03 என்றால், சோதிக்கிற கருதுகோள் (‘வித்தியாசம் எதுவும் இல்லை’ என்பது போன்றது) பொய்யாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று எழுதுவது வருஷா வருஷம் நடக்கிற தவறு. கருதுகோள் உண்மையாக இருந்தால் இவ்வளவோ இதற்கு மேலோ விலகிய தரவு கிடைக்க 3 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். எக்ஸெலில் தரவைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள், தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப், சூத்திரத்தில் செல் முகவரி நகராமல் எஃப்4 விசையால் பூட்டுவது, இந்த மூன்றும் முதல் இரண்டு வாரத்துக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்ததால் தப்பாகிப்போன அசைன்மென்ட்கள் ஏராளம்.

கேஸ், அதாவது ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய நிலைமையை விவரிக்கும் பாடம், அதைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் 10 நிமிடம் முதல் பத்தி, கடைசிப் பத்தி, அட்டவணைத் தலைப்புகள் மட்டும் பாருங்கள். முடிவெடுக்க வேண்டியவர் யார், எதைப் பற்றி, எதற்குள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 40 நிமிடம் முழுதாக, பென்சிலோடு. கடைசி 20 நிமிடம் படிப்பதை நிறுத்திவிட்டு எழுதுங்கள்: இரண்டு மூன்று வழிகள், அதில் உங்கள் முடிவு, அதற்கு ஆதாரமாக அட்டவணையிலிருந்து நீங்களே கணக்கிட்ட ஓர் எண். அந்த ஓர் எண்தான் வகுப்பில் உங்களைக் காப்பாற்றும். மஞ்சள் கோடு போட்டே பொழுதைக் கழித்தவர், பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லிக் கேட்கும்போது எழுந்து நின்று கதையைத்தான் திருப்பிச் சொல்வார்.

தமிழ் வழியில் படித்தவர்கள் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்க்கிறோம், வருத்தமாக இருக்கிறது. யோசனையைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை மட்டும் முந்தைய இரவே ஆங்கிலத்தில் எழுதி மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விவாதம் தொடங்கிய முதல் 15 நிமிடத்துக்குள் கை தூக்குங்கள். நேரம் போகப் போக எளிதான கருத்துகளை மற்றவர்கள் சொல்லி முடித்திருப்பார்கள். எல்லையில் வளர்ந்தவர்களிடம் வகுப்புக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெட்ரோல் விலை ஏன் வேறு, அதனால் எந்தப் பக்கத்து பெட்ரோல் பங்கில் கூட்டம் என்பதெல்லாம் பொருளாதார வகுப்புக்கு அசல் சரக்கு.

குழு வேலையில் சண்டை வருவது கடைசி இரவில்தான். ஐந்து பேரும் ஆளுக்கு நாலு ஸ்லைடு செய்து, இரவு 11 மணிக்கு ஒட்டும்போது ஒருவர் சந்தை அளவை 200 கோடி என்றும் இன்னொருவர் 350 கோடி என்றும் வைத்திருப்பார். இதைத் தவிர்க்க, முதல் கூட்டத்திலேயே எல்லா அனுமானங்களையும் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதி, எண் எடுப்பதானால் அங்கிருந்து மட்டுமே என்று முடிவு செய்யுங்கள். தொகுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும், அவருக்கு எழுதும் வேலை குறைவாக இருக்கட்டும். குழுவின் கெடு கல்லூரிக் கெடுவுக்கு 24 மணி நேரம் முன்.

கிளப்புகளில் ஒன்றில் சேருங்கள், போதும். சீனியர்களிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். கோவையில் அண்ணா, அக்கா. பாலக்காட்டிலும் கோழிக்கோட்டிலும் சேட்டா, சேச்சி. பழைய வினாத்தாள், எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், மெஸ்ஸில் கேரளத்து மட்டை அரிசி ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கே சாப்பிடுவது, எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே போய்வருபவர்கள் பாலக்காடு–கோவை ரயிலில் ஏறும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: சில ரயில்கள் கோவை சந்திப்புக்குள் போகாமல் போத்தனூர் வழியாகவே போய்விடும். வாளையாறு காட்டுப் பகுதியில் யானைகளுக்காக இரவில் வேகத்தைக் குறைப்பார்கள். ஆகவே மாலைக் குழுக் கூட்டம் முடிந்து கடைசி வண்டியை நம்புவதைவிட, தேர்வு வாரத்திலாவது விடுதியில் நண்பரின் அறையில் தங்குவது நல்லது.

கோடைப் பயிற்சிக்கான நேர்காணல் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் முதல் பருவத்தின் முடிவை ஒட்டியே வந்துவிடும். எனவே ஒரு பக்க சி.வி.யை மூன்றாவது வாரத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்பார்கள். கல்லூரி விழாவில் பொருளாளராக இருந்தால் அதற்கான கடிதத்தைப் பழைய கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். அப்பாவின் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதியிருந்தால் அதையும் போடலாம், எத்தனை பேருடைய பற்று வரவு, எத்தனை மாதம் என்ற எண்ணோடு.

கடன் வாங்கியவர்கள் பருவத் தேர்வு முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் முன் அலுவலகத்துக்குப் போய், அடுத்த பருவக் கட்டணம் இவ்வளவு என்று கல்லூரி தரும் கோரிக்கைக் கடிதத்தை வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல் வெளியானதும் இரண்டையும் சேர்த்து வங்கியில் கொடுத்தால்தான் கடனின் அடுத்த தவணை கல்லூரிக் கணக்குக்குப் போகும்.