கலிலியோவில் ஏழு பேர்: பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

நிறை குறைந்தால் ராக்கெட் எளிதாக மேலே போகும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நிறை ஒரு மனிதனாக இருந்தால் யாரை இறக்கிவிடுவது என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்காகவே ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் தொடரில் வந்த ‘தி கலிலியோ செவன்’ எபிசோடை, ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவருகிறேன். எப்படிக் காட்டுகிறீர்கள் என்று இளைய ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஐந்தாறு பேர் போதும். கூட்டம் பெருகினால் பேச்சு போய்விடும். எபிசோட் ஐம்பது நிமிடம்தான் என்றாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுங்கள். கூடத்தின் நடுவில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வையுங்கள். ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டாம்.

தொடங்குமுன் அதிகம் பேசாதீர்கள். இது அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 1967 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பானது என்று சொல்லுங்கள். அன்றைக்கு நிலவில் மனிதன் கால் வைத்திருக்கவில்லை. இருபத்திரண்டே நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, அப்பல்லோ 1 விண்கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுப் போட்டால், பாறைகள் அரங்கில் செய்த பாறைகள் என்று தெரிந்தாலும் யாரும் சிரிப்பதில்லை. அந்தக் காலத்தில் விண்வெளிக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

கதையில் இவ்வளவு மட்டும் சொல்லலாம்: எண்டர்பிரைஸ் என்ற பெரிய விண்கலம், கொள்ளைநோய் பரவிய குடியேற்றங்களுக்கு மருந்து கொண்டுபோகிறது. வழியில் முரசாகி 312 என்ற விசித்திரமான விண்பொருள் தென்படுகிறது. அதை ஆராய ஏழு பேரைக் கலிலியோ என்ற சிறு ஓடத்தில் ஏற்றி அனுப்புகிறார் கேப்டன் கிர்க். ஓடம் நிலைகுலைந்து டாரஸ் 2 என்ற கோளில் விழுகிறது. அவ்வளவுதான். யார் சாகிறார்கள் என்று உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

முரசாகியைக் குவாசார் போன்றது என்பார்கள்; குவாசார் என்பது வெகுதொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்பொருள். வானியல் ஆர்வமுள்ள பிள்ளை அங்கேயே கையைத் தூக்கும். குவாசார் என்ற சொல்லே 1964இல்தான் பிறந்தது. 3சி 273 என்ற குவாசார் இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது என்று மார்ட்டன் ஷ்மிட் கண்டுசொன்னது 1963இல். கதை எழுதியவர்களுக்கு அது அப்போதுதான் வந்த செய்தி. போகிற வழியில் எட்டிப்பார்க்கிற இடத்தில் உண்மையான குவாசார் இருக்காது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

முதல் நிறுத்தம்தான் முக்கியம். ஓடம் மேலெழும்ப வேண்டுமானால் ஐந்நூறு பவுண்டு எடை குறைய வேண்டும் என்கிறார் பொறியாளர் ஸ்காட். அது மூன்று ஆட்களின் எடை என்று உடனே கணக்குச் சொல்கிறார் ஓடத்தின் தலைவரான ஸ்பாக். யாரை விட்டுப்போவது என்று முடிவெடுப்பது யார் என்று ஓடத்தில் வந்த விஞ்ஞானி போமா கேட்கிறார். தலைவன் என்ற முறையில் நான்தான் என்று ஸ்பாக்கிடமிருந்து பதில் வருகிறது. அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஐந்நூறு பவுண்டு என்றால் ஏறக்குறைய 227 கிலோ. இப்போது அரிசி மூட்டையைக் காட்டுங்கள். ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்க்கட்டும். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து முழங்கால் வரை தூக்குவார்கள்; கழுத்து நரம்பு புடைக்கும்; மூட்டையின் சணல் நெடி சட்டையில் ஒட்டிக்கொள்ளும். இதைப் போல ஒன்பது மூட்டை என்று சொல்லுங்கள். பிறகு தாளில் எழுதச் சொல்லுங்கள்: எதை இறக்குவீர்கள், அல்லது யாரை?

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளை எடை பார்க்கும் கருவியில் ஏற்றாதீர்கள். முதல் தடவை நான் அந்தத் தவறைச் செய்தேன். கூட்டத்திலேயே பருமனான பையன் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. எல்லோர் கண்ணும் அவன் மேல் போனதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அரிசி மூட்டை வந்தது.

எழுதியதை யாரும் படித்துக்காட்ட வேண்டாம். தாள்களை மடித்து வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிடுங்கள்.

எரிபொருள் கசிந்து போவது, கையிலிருக்கும் ஃபேசர் துப்பாக்கிகளின் ஆற்றலை வடித்து எரிபொருளுக்குப் பதிலாக்கலாம் என்று ஸ்காட் யோசனை சொல்வது எல்லாம் நிறுத்தாமல் போகட்டும். தற்காப்புக்கு இருந்த ஆயுதமே கிளம்பும் வழியாகிறது. பின்னாளில் இதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு 1970 ஏப்ரலில் நடந்த அப்பல்லோ 13 கதையைச் சொல்லுங்கள். தாய்க்கலம் பழுதானபோது, நிலவில் இறங்குவதற்காகச் செய்த கலம் அங்கே உயிர்காக்கும் படகானது.

அடுத்து நிறுத்த வேண்டிய இடம், ஏழு பேரில் ஒருவரான கேட்டானோவின் உடலை ஸ்பாக் சுமந்துகொண்டு வருவது. ஏற்கெனவே இன்னொருவரான லாட்டிமர் ஈட்டி பாய்ந்து இறந்திருக்கிறார். அவரைப் புதைக்கும்போது நாலு வார்த்தை பேச நேரமில்லை என்று மறுத்தவர் இதே ஸ்பாக். கொல்லாமல் பயமுறுத்தினால் அந்தக் கோளின் உயிர்கள் விலகிப்போகும் என்று கணித்ததும் அவர்தான். அவை கோபத்தோடு திரும்பி வருகின்றன. இப்போது மூடுபனிக்குள் தனியாகப் போய் உடலைத் தூக்கிவருகிறார். ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாயின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுகை இல்லை, சலனம் இல்லை. ஆனால் உடலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே, எடை ஒன்றும் கூடியிருக்காதே, ஏன் தூக்கிவந்தார்? இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

ஸ்பாக் உணர்ச்சியற்றவர், மருத்துவர் மக்காய் ஈரமுள்ளவர் என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். அதை வளர்க்காதீர்கள். முதன்முறையாகப் பொறுப்பு தலையில் விழுந்த ஒருவன், ஒவ்வோர் அடியும் சரியாக வைத்தும் இரண்டு பேரை இழந்து நிற்கிறான். கதை அவனைப் பற்றியது. போமாவையும் கோபக்காரன் என்று ஒதுக்கவிடாதீர்கள். 1967இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கறுப்பின நடிகரான டான் மார்ஷல் விஞ்ஞானியாக வந்து, மேலதிகாரியை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கிறார். செத்தவனுக்கு மரியாதை வேண்டும் என்று நிற்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

எண்டர்பிரைஸில், மருந்து தாமதமாகிறது என்று சொல்லி ஓடத்தைத் தேடுவதைக் கைவிடச் சொல்லி நச்சரிக்கும் ஆணையர் ஃபெர்ரிஸைப் பிள்ளைகள் வில்லன் என்பார்கள். மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளிகளை எபிசோட் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. காட்டியிருந்தால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியில், ஓடம் மேலெழும்பிய பிறகு, எஞ்சியிருக்கும் எரிபொருளை வெளியே கொட்டி ஸ்பாக் தீ வைக்கிறார். வெற்றிடத்தில் தீ எரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். அருமையான கேள்வி. ராக்கெட்டுகள் ஆக்சிஜன் தரும் பொருளையும் கூடவே சுமந்துகொண்டு போகின்றன. அப்பல்லோ நிலவுக்கலத்தில் இரண்டு திரவங்கள் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டன. கலிலியோவில் என்ன எரிபொருள் என்று கதை சொல்லவில்லை. எனவே முடியாது என்று தள்ளிவிட முடியாது.

திரையில் அந்த ஒளிக்கீற்றை எண்டர்பிரைஸ் கண்டு, ஐந்து பேர் மீட்கப்பட்டதும் மறுபடி நிறுத்துங்கள். அதற்குப் பின் வரும் காட்சியில் எல்லோரும் ஸ்பாக்கைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். இரண்டு பேரைப் புதைத்த ஈரம் காயுமுன் இந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. எழுதியவர்கள் செய்த பிழை அது. அதனால் முதலில் மடித்து வைத்த தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாற்றி எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகு கடைசிக் காட்சியைப் போடுங்கள்.

போன மாதம் என் பேத்தி தன் தாளை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். முதலில் எழுதிய மூன்று பெயர்களில் ஒன்று அவளுடையது. அதை அவள் அடிக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தாள்: “ஆனால் முதலில் எல்லோரிடமும் கேட்பேன்.”