இணையவழி நன்கொடை: கொடுப்பவர் கைவிடக் கூடாத உரிமைகள்

கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது அழகல்ல என்று எண்ணிவிடுவதுதான் நன்கொடையாளர்கள் செய்யும் முதல் தவறு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது, கொடுத்ததைப் பறைசாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சொன்னதே தவிர, பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்காமல் இருப்பதற்காகச் சொன்னதன்று. அமெரிக்காவில் நிதி திரட்டும் துறையினரின் அமைப்புகளே சேர்ந்து வகுத்த நன்கொடையாளர் உரிமைச் சாசனம் 10 உரிமைகளைக் குறிப்பிடுகிறது. நிறுவனத்தின் அண்மைய நிதியறிக்கையைப் பார்ப்பதும், கேட்ட கேள்விக்குத் தாமதமில்லாமல் உண்மையான பதிலைப் பெறுவதும் அவற்றுள் அடங்கும்.

பேரிடர்ச் செய்தி கேட்ட பதைபதைப்பில், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு அப்படியே பணம் கட்டிவிடக் கூடாது. நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து திறந்து, பதிவு எண்ணை அரசுப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று நம்புவதும் தவறு. அனுப்பும் தகவலை இடைவழியில் பிறர் படிக்க முடியாது என்பதைத்தான் அது காட்டுமே தவிர, மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சான்றாகாது. பலர் இப்படித் தவறாகப் புரிந்துகொண்டதாலேயே குரோம் உலாவி 2023ஆம் ஆண்டில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

கண் அதிகம் ஏமாறும் இடம் பணம் செலுத்தும் பக்கம். தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, வெளிறிய பொடி எழுத்தில், ‘மாதந்தோறும் வழங்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியும், அதன் பக்கத்தில் நாம் போடாமலே விழுந்திருக்கும் டிக் குறியும் இருக்கும். கைப்பேசித் திரையில் விரல் அதைத் தாண்டி ‘செலுத்து’ பொத்தானுக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் பணம் கழிந்த பிறகே விஷயம் தெரியவருகிறது. சில தளங்கள் தங்கள் நிர்வாகச் செலவுக்கென ஒரு விழுக்காட்டை ‘விருப்பத் தொகை’ என்ற பெயரில் முன்கூட்டியே சேர்த்துவைக்கின்றன. அதைப் பூஜ்யமாக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கொடுப்பவர் தம் கையால் இடாத குறியைச் சம்மதமாகக் கொள்வது, நற்பணிக்காகவே என்றாலும், அவருடைய உரிமையைப் பறிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பிறருக்காக நிதி திரட்டித் தரும் இணையதளத்தின் வழியாகக் கொடுக்கும்போது பணம் பெரும்பாலும் முதலில் இடையில் உள்ளவரிடமே செல்கிறது. ஆகவே, எவ்வளவு கட்டணம் கழியும், எத்தனை நாளில் போய்ச் சேரும், இலக்குத் தொகை திரளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். தனிமனிதர் ஒருவரின் சிகிச்சைக்குத் தருவதையும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தருவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. முன்னதற்குப் பொதுவாக வரிச்சலுகை கிடைப்பதில்லை. குறிப்பிட்ட பணிக்கென்று தருபவர், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொது நிதியில் கலந்த பிறகு முறையிடுவது கடினம்.

கைப்பேசி எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்ட இடத்திலெல்லாம் நிரப்பிவிட்டு, அவை வேறொருவர் கைக்கு மாறுவதைத் தடுக்கும் வாய்ப்பைத் தேடாமல் விடுவதும் பரவலான தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, முன்பே இடப்பட்ட டிக் குறி ஒப்புதலாகாது.

ரசீதையும், மாதத் தொகையை நிறுத்தியதற்கான உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் அழித்துவிட வேண்டாம். தவறாகக் கழிந்த பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வங்கி முதலில் கேட்பது அவற்றைத்தான். புகார் கொடுப்பதற்குக் காலவரம்பும் உண்டு.