பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையை இலக்கு வைத்து நடத்துவது எப்படி?

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் சிறு பட்டறை ஒன்றைப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி ஆர்டர் கையில் இருக்கிறது, ஆட்கள் பத்துப் பேர். இந்த வரிசையில் தொடங்குங்கள்.

படி 1: சம்பளத் தேதி
மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுப்பது சட்டம். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருப்பவரிடம் இலக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பத்துப் பேர் ஆகிவிட்டதால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவும் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு என்பதை உட்கார வைத்து விளக்குங்கள். பிடித்தம் ஏன் என்று தெரியாமல்தான் பலர் கோபப்படுகிறார்கள்.

படி 2: ஒரே இலக்கு
"லாபம் கூட வேண்டும்" என்பது உங்கள் கணக்கு நோட்டுக்கு. "நூறு பையில் எட்டு திரும்பி வருகிறது, அதை மூன்றாக்குவோம்" என்றால் தைப்பவருக்குப் புரியும்.

படி 3: காரணத்தை அவர்களிடமே கேளுங்கள்
கைப்பிடி பிய்ந்து வந்தால் தைத்தவர் தலையில் கட்டாதீர்கள். பசை காயாமலே தையலுக்கு வந்திருக்கலாம். மழைக்காலத்தில் அது காய நேரம் பிடிக்கும். வெட்டுபவர், ஒட்டுபவர், தைப்பவர் மூவரையும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே வழி கிடைத்துவிடும்.

படி 4: ஊக்கத்தொகை
அதிகம் சறுக்குவது இங்கேதான். பீஸ் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் வேகம் கூடும், தையல் தளரும். அதனால் ஒரு லாட் (சேர்ந்து தயாராகும் ஒரு தொகுதிப் பைகள்) முழுதும் சோதனையில் தேறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதை எடுபிடிப் பையன் உட்பட எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். பாதியில் கணக்கை மாற்றினால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம், இது வேறு, உங்கள் பட்டறைக்குப் பொருந்தினால் கொடுக்க வேண்டிய சட்டப்படியான போனஸ் (குறைந்தது 8.33 சதவீதம்) வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

படி 5: சனிக்கிழமை பத்து நிமிடம்
இந்த வாரம் எத்தனை திரும்பியது என்று பலகையில் எழுதுங்கள். திருநெல்வேலிக்காரரிடம் தமிழில், பீகார்க்காரரிடம் இந்தியில் சொல்லுங்கள். பாராட்டு நாலு பேர் முன்னால், கண்டிப்பு தனியாக.

படி 6: லீவு
பொங்கல், ஈத், சட் பூஜைக்கு (பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகை) யார் ஊருக்குப் போகிறார்கள் என்று முதலிலேயே குறித்து, டெலிவரி தேதியை அதற்கேற்ப ஒத்துக்கொள்ளுங்கள். ஜூலை மழையில் லோக்கல் ரயில் நின்ற நாளில் தாமதமாக வந்தவருக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.