முன்னுக்கு உள்ள சின்ன வால்வ மாத்திப் பாருங்க

புதுசா வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட அம்ப்ளிபயர்) எடுத்த தம்பிமார் எல்லாரும் கேக்கிறது, ஸ்பீக்கர ஓட்டுற பெரிய வால்வ மாத்தினா சத்தம் மாறுமா எண்டு. மாறும், ஆனா அதில கை வைக்காதீங்க. ஈஎல்34 எண்ட பெரிய வால்வு இருந்த இடத்தில 6எல்6 எண்ட வேற வகை குத்தினா பயஸ் (வால்வு சும்மா நிக்கேக்க இழுக்கிற கரண்ட் அளவு) திரும்ப செட் பண்ணணும், ஒரு சோடிக்க ஒண்டு அது ஒண்டு இது எண்டு கலந்தா ரெண்டும் வேற வேற கரண்ட் இழுக்கும், அது அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்குக் கூடாது.

விளையாடுற இடம் முன்னுக்கு நிக்கிற 9 கால் சின்ன வால்வு. அதில கூடுதலா வாறது 12ஏஎக்ஸ்7, சிலதில இசிசி83 எண்டு அடிச்சிருக்கும், ரெண்டும் ஒண்டுதான். அதிட பெருக்கம் (வாற சிக்னலப் பெருப்பிக்கிற அளவு) 100. அதே சொக்கற்றில 5751 போகும், அது 70. 12ஏரீ7 60, 12ஏவை7 44 அளவில, 12ஏயூ7 20க்குக் கிட்ட. 6டிஜே8ம் 9 கால்தான், ஆனா ஹீட்டருக்கு (வால்வ உள்ளுக்க சூடாக்கிற கம்பிக்கு) போற கால் ஒழுங்கு வேற, அத மட்டும் குத்திராதீங்க.

மாத்த முதல் பிளக்க கழட்டிட்டு ஒரு கால்மணித்தியாலம் ஆற விடுங்க. வால்வ அடியில பிடிச்சு மெல்லமா அசைச்சு நேரா மேல இழுக்கணும். அம்ப்பிட அடித்தட்டத் திறக்கவே வேணாம், கரண்ட் இல்லாட்டியும் உள்ளுக்க கெப்பாசிட்டர்ல 300, 400 வோல்ற் நிக்கும். ஸ்பீக்கர் குடுக்காம அம்ப் போடவும் கூடாது.

இன்னொண்டு, மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு: கடல் காத்துக்கு வால்வு கால் கறுத்துப் போகும். என்ட அம்ப் ஒரு மாசமா கரகரண்டு கத்தி, வால்வு செத்துட்டெண்டு புதுசு வாங்கிப் போட்டும் கத்திச்சு, மறுகா பழைய பல்லு பிரஷ்ஷில ஐசோப்ரோப்பில் அல்கஹோல் தொட்டுக் காலையும் சொக்கற்றையும் துடைச்சாப் பிறகுதான் நிண்டுது. காசு போனது போனதுதான்.

இனிக் கலக்கிற விசயம். ஒரு நேரத்தில ஒரு இடத்த மட்டும் மாத்துங்க, முதல் வால்வுதான் கூட வித்தியாசம் காட்டும். அதில 5751 போட்டு ரெண்டாவதில 12ஏஎக்ஸ்7 அப்பிடியே விட்டா பின்னால வாற ஸ்ஸெண்ட சத்தம் குறையும், வொலியூம் திருகியும் தொட்ட உடனே கத்தாது. 12ஏயூ7 போட்டா சத்தம் நல்லா விழும், அது இழுக்கிற கரண்ட் கூட, 12ஏஎக்ஸ்7க்கு வச்ச ரெசிஸ்டரோட ஒத்துப் போகாது, எனக்கு சப்பெண்டு இருந்துது. ஸ்டீரியோவெண்டா ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வகை போடணும், சில அம்ப்ல ஒரே வால்வுக்க பாதி வலது பாதி இடது, பாத்துக்கொள்ளுங்க.

கேக்கிறதிலதான் எல்லாரும் ஏமாறுறது. சத்தம் கூட வந்தா காது அதத்தான் நல்லதெண்டு சொல்லும். அதால போன்ல சத்தம் அளக்கிற அப் ஒண்ட ஒரே கதிரையில வச்சு, மாத்தினதுக்குப் பிறகு வொலியூமத் திருகிப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துதான் ஒப்பிடணும். போட்டு ஒரு 20 நிமிசம் சூடாக விட்டுட்டுக் கேளுங்க. நான் கேக்கிறது எங்கட ஊர் வடமோடிக் கூத்து ரெக்கோடிங் ஒண்டு, மத்தளம் கீழ, தாளம் மேல, கூத்து பழக்கி நடத்துற அண்ணாவியார் குரல் நடுவில, மூண்டும் ஒண்டையொண்டு மூடாம வருதா எண்டு பாப்பன். பென்சிலால வால்வ மெல்லத் தட்டிப் பாருங்க, ஸ்பீக்கர்ல டிங் எண்டு மணி அடிச்சா அந்த வால்வ முதல் இடத்தில வைக்காதீங்க, பின்னுக்குத் தள்ளுங்க.

இப்ப என்ட அம்ப்ல முன்னுக்கு 5751, பின்னுக்குப் பழைய 12ஏஎக்ஸ்7. 12ஏயூ7 பெட்டிக்க கிடக்கு.